பழைய பதிப்பை விட்டு வர முடியாதவர்களுக்காக: ரிலீஸ் திட்டமிடலும் பேக்போர்ட்டும்

கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கத் தொடங்கினால், சீக்கிரமே இப்படி ஒரு செய்தி வந்து நிற்கும்: “நான் 2.4 பதிப்பில் இருக்கிறேன். இப்போதைக்கு 2.6-க்கு மாற வழியில்லை. இந்த ஒரு பிழையை மட்டும் 2.4-லேயே சரிசெய்து தர முடியுமா?” கேட்பவர் சோம்பேறி இல்லை. அவருடைய சர்வரில் இருக்கும் பைத்தான் பழையதாக இருக்கலாம், வேறு மூன்று நூலகங்கள் உங்களுடைய பழைய பதிப்பை நம்பி நிற்கலாம், ஒரு பதிப்பு மாற்றுவதற்கு அலுவலகத்தில் நான்கு பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். அவர் கேட்பதற்குப் பெயர்தான் பேக்போர்ட். புதிய பதிப்பில் செய்த திருத்தத்தை, கூடவே புது வசதி எதையும் இழுத்து வராமல், பழைய பதிப்பின் கிளைக்கு, அதாவது அந்தப் பதிப்புக்கென்று தனியாக வைத்திருக்கும் நிரலுக்கு, கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். ஆனால் பழைய பதிப்பில் இருப்பவர் அங்கேயே இருப்பதற்குக் காரணமே, அங்கே எதுவும் தானாக மாறாது என்ற நம்பிக்கைதான். அந்த இடத்தில் நாம் கை வைக்கிறோம். அதனால் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் கமாண்டுகளுக்குப் போகும் முன் ரிலீஸ் திட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எந்தக் கிளைக்கு எத்தனை நாள் வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று தெரியாமல் பேக்போர்ட் செய்யத் தொடங்கினால் முடிவே இருக்காது.

முதலில் தேதி, அப்புறம் வசதிகள்

“எல்லாம் தயாரானதும் வெளியிடுவோம்” என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லினக்ஸ் தொகுப்பான டெபியனே சாட்சி. 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, அடுத்த 3.1 வருவதற்கு 2005 ஜூன் ஆகிவிட்டது. இன்று பெரும்பாலான பெரிய திட்டங்கள் தேதியை முதலில் குறித்துக்கொள்கின்றன. பைத்தான் 3.9-இலிருந்து ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில். இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் 8 வாரத்துக்கு ஒன்று. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு 9 அல்லது 10 வாரம், அதில் முதல் 2 வாரம் மட்டுமே புது வசதிகளைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ, மீதி முழுக்க வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்று பிழை களைவதற்கு.

தேதி முதலில் இருந்தால் என்ன லாபம் என்றால், வசதி எழுதுகிறவருக்கு அவசரம் இருக்காது. இந்த பஸ் போனால் அடுத்த பஸ் எப்போது என்று அவருக்குத் தெரியும். தேதி தெரியாத திட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வேலையை எப்படியாவது இந்தப் பதிப்பிலேயே ஏற்றிவிடப் பார்ப்பார்கள், அப்படி அரைகுறையாக ஏறியதெல்லாம் பிறகு உங்களிடம் பேக்போர்ட் வேலையாகத் திரும்பி வரும். அதற்காகத் தேதியைக் கல்லில் செதுக்கவும் வேண்டாம். உபுண்டு 2006 ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பை ஆறு வாரம் தள்ளி ஜூனில் வெளியிட்டது, அதுதான் அவர்களுடைய முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதனால்தான் அதன் எண் 6.06. தள்ளுவதற்குத் தக்க காரணம் இருந்தது, அதை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

ஒருவர் அல்லது இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் திட்டமாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு வெளியீடு போதும். தேதியைக் குறித்ததும் ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பு) மூன்று வரி எழுதுங்கள்: எந்தக் கிளைக்கு எல்லாத் திருத்தங்களும் வரும், எந்தக் கிளைக்குப் பாதுகாப்புப் பிழையும் தரவு இழப்பும் மட்டும், எந்தக் கிளை முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி. “இயன்றவரை ஆதரவு தருவோம்” என்று எழுதாதீர்கள், அதைப் படிப்பவர் ஒன்று நினைப்பார், நீங்கள் வேறொன்று நினைத்திருப்பீர்கள்.

எத்தனை கிளைகளைச் சுமக்கலாம்? டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு தருகிறது, ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு என்பதால் எந்த நேரத்திலும் ஐந்து கிளைகள் உயிரோடு இருக்கும், அதற்கேற்ற ஆள்பலம் அவர்களிடம் இருக்கிறது. நேர் எதிராக கர்ல் பழைய கிளை எதையும் சுமப்பதில்லை, திருத்தம் வேண்டுமென்றால் அடுத்த பதிப்புக்கு வாருங்கள் என்பதுதான் அவர்கள் முறை, 8 வாரத்துக்கு ஒருமுறை வெளியிடுவதாலும், ஏற்கெனவே இருப்பதை உடைக்காமல் பார்த்துக்கொள்வதாலும் அது நடக்கிறது. தனியாளாக இருப்பவருக்கு புது வேலை நடக்கும் மெயின் கிளையும் கூடவே ஒரு பழைய கிளையும் போதும் என்பது என் கருத்து. மூன்றாவது கிளை சேர்ந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை உங்களுடையதாக இருக்காது.

கிளை பிரிக்கும் நாள்

வெளியீட்டுத் தேதிக்கு நாலைந்து வாரம் முன்னதாக 2.6 என்ற கிளையை மெயினிலிருந்து பிரித்துவிடுங்கள். அன்றிலிருந்து அந்தக் கிளைக்குள் புது வசதி எதுவும் போகக்கூடாது. மெயினில் 2.7-க்கான வேலை வழக்கம்போல நடக்கட்டும். இப்படிப் பிரிக்காமல் மெயினையே பூட்டி வைத்தால், புதிதாகப் பங்களிக்க வந்தவர்களின் புல் ரிக்வெஸ்ட் (தங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்) ஒரு மாதம் அப்படியே கிடக்கும், ஆர்வம் போய்விடும். இன்னொரு பக்கம், ரொம்ப முன்னாலேயே பிரித்துவிட்டால் வெளியீட்டுக்கு முன்பே ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் செய்ய வேண்டிவரும்.

எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது

இந்த இடத்தில் எழுதிவைத்த விதி இல்லாவிட்டால் கேட்பவரின் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கத் தொடங்கிவிடுவோம். நல்லவேளையாக நாம் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. கெர்னலின் ஏற்கெனவே வெளியான கிளைகளுக்கான ஸ்டேபிள் விதிகளில் மூன்று எனக்கு எப்போதும் கைகொடுப்பவை. பேட்ச், அதாவது திருத்தத் துண்டு, சரியானது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், அதோடு சோதிக்கப்பட்டும் இருக்க வேண்டும். மாற்றத்தைச் சுற்றிக் காட்டப்படும் வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது. அதே திருத்தமோ அதற்கு இணையானதோ ஏற்கெனவே லினஸ் டோர்வால்ட்ஸின் மெயின்லைனில் (கெர்னலின் முதன்மைக் கிளை) இருக்க வேண்டும்.

பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் விதி பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து பேசுகிறது: பாதுகாப்பு ஓட்டை, தரவு இழப்பு, கிராஷ், கடைசிப் பதிப்பில் வந்த புது வசதியிலேயே இருக்கும் பெரிய குறை, முந்தைய பதிப்பில் ஒழுங்காக ஓடி இப்போது உடைந்துபோனது. கடைசியாகச் சொன்னதுதான் ரிக்ரெஷன். நேற்றுவரை வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை என்றால் அது நாம் கொடுத்த வாக்கை நாமே மீறியது, அதற்கு முதலிடம் கொடுங்கள். பத்து வருடமாக எல்லாப் பதிப்பிலும் இருக்கும் ஒரு சின்னக் கோணலை யாரோ இன்று கண்டுபிடித்தார் என்றால் அதை மெயினில் மட்டும் திருத்துங்கள். அந்தக் கோணலையே நம்பி யாராவது ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள், அவர்களை ஒரு மூன்றாம் இலக்க வெளியீட்டில் (2.4.6-க்குப் பின் 2.4.7 என்பதுபோல) போய் உடைக்கக்கூடாது.

வேகம் கூட்டும் மாற்றம், எழுத்துப்பிழைத் திருத்தம், உள்ளே நிரலை அழகுபடுத்துவது எதுவும் பழைய கிளைக்கு வேண்டாம். மனசு கேட்காது, தெரியும்.

இன்னொன்று திசை. திருத்தம் எப்போதும் முதலில் மெயினில், அப்புறம் அடுத்த பழைய கிளை, அப்புறம் அதற்கும் பழையது. பிழை 2.4-இல்தான் ரிப்போர்ட் ஆனது, ஆள் காத்திருக்கிறார் என்று நேராக அங்கே திருத்திவிட்டு மெயினை மறந்துவிட்டால், அவர் ஆறு மாதம் கழித்துக் கஷ்டப்பட்டு 2.6-க்கு மாறும்போது அதே பிழை அங்கே அவருக்காகக் காத்திருக்கும். மாறச் சொன்னது நாம்தான். மெயினில் அந்தப் பகுதியே நீக்கப்பட்டிருந்தால் மட்டும் பழைய கிளையில் நேராகத் திருத்தலாம், அதையும் கமிட் (கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றம்) செய்தியில் எழுதிவையுங்கள்.

கையால் செய்யும் வேலை

முதலில் எந்தெந்தக் கிளைகளில் பிழை இருக்கிறது என்று பாருங்கள். பிழையைக் கொண்டுவந்த கமிட்டை கிட் பிளேம் அல்லது கிட் பைசெக்ட் வைத்துக் கண்டுபிடித்த பிறகு, கிட் டேக் கட்டளையோடு கன்டெய்ன்ஸ் என்ற தேர்வையும் அந்த கமிட்டின் ஹாஷையும் (அதன் அடையாள எண்) கொடுத்தால், அது எந்தெந்த வெளியீடுகளில் இருக்கிறது என்று பட்டியல் வரும். ஒரு எச்சரிக்கை: அந்தக் கெட்ட கமிட்டே பேக்போர்ட் ஆகிப் பழைய கிளைக்குப் போயிருந்தால் அங்கே அதன் ஹாஷ் வேறு, பட்டியலில் வராது. அதற்காகத்தான் செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் எடுத்து இன்னொரு கிளையில் ஒட்டுவது) செய்யும்போது -எக்ஸ் தேர்வைத் தவறாமல் போட வேண்டும் என்று சொல்கிறேன். அது மூல கமிட்டின் ஹாஷை புது கமிட்டின் செய்தியிலேயே ஒரு வரியாக எழுதிவிடும், பிறகு லாகில் அந்த ஹாஷைத் தேடினாலே எல்லாக் கிளைகளிலும் மாட்டும். ஜாங்கோவில் இன்னும் ஒரு படி மேலே, பேக்போர்ட் கமிட்டின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் கிளையின் எண்ணும், கீழே மெயினின் எந்த கமிட்டிலிருந்து வந்தது என்பதும் இருக்கும். மூன்று வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி அரைநாளை மிச்சப்படுத்தும்.

அடுத்து டெஸ்ட். இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது. வங்கிக் கணக்கு அறிக்கைகளை சிஎஸ்வி கோப்பிலிருந்து படித்து மாதவாரியாகக் கூட்டித் தரும் சின்ன பைத்தான் நூலகம் ஒன்று என் கையில் இருந்தது. தேதி காலியாக இருக்கும் வரிகளின் தொகை நடப்பு மாதத்தில் போய்ச் சேர்ந்துகொள்கிறது என்று 2.4-இல் இருந்த ஒருவர் பிழை ஒன்றை எழுதி அனுப்பினார். மெயினில் பார்த்தேன், தேதியைப் பிரிக்கும் ஃபங்ஷன் காலி கட்டத்துக்கு நன் (None, பைத்தானில் மதிப்பு எதுவும் இல்லை என்பதன் அடையாளம்) என்று திருப்பித் தருகிறது, கூட்டும் ஃபங்ஷன் நன்னைப் பார்த்தால் நடப்பு மாதம் என்று எடுத்துக்கொள்கிறது. நன் வந்தால் அந்த வரியைத் தாண்டிப் போ என்று இரண்டு வரி எழுதினேன், டெஸ்ட்டும் எழுதினேன், சரியாகிவிட்டது. 2.4 கிளைக்கு செர்ரி-பிக் செய்தபோது நிரலில் ஒரு கான்ஃபிளிக்ட்கூட (கிட்டால் தானாகப் பொருத்த முடியாத மோதல்) வரவில்லை. டெஸ்ட் கோப்பில் மட்டும் வந்தது, இடையில் அந்தக் கோப்பை முழுக்க மாற்றி எழுதியிருந்தோம். இரண்டு வரித் திருத்தம்தானே என்று டெஸ்ட்டை விட்டுவிட்டு 2.4.7 என்று டேக் போட்டு வெளியிட்டேன்.

இரண்டே நாளில் அதே ஆள் எழுதினார், பிழை அப்படியே இருக்கிறது என்று. 2.4-இல் தேதி பிரிக்கும் ஃபங்ஷன் நன் தருவதே இல்லை, காலி கட்டம் என்றால் அதுவே இன்றைய தேதியைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. வெளியே தெரியும் அறிகுறி ஒன்று, உள்ளே காரணம் வேறு. நான் கொண்டுபோன இரண்டு வரிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவர் அந்த 2.4.7-ஐ நம்பி மாதக் கணக்கை மேலே அனுப்பிவிட்டிருந்தார், அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான். பழைய கிளைக்குப் போனதும் டெஸ்ட்டை மட்டும் முதலில் கொண்டுபோய் ஓட்டுவேன். அது தோற்க வேண்டும், அதுவும் எதிர்பார்த்த காரணத்துக்காகத் தோற்க வேண்டும். தோற்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருத்தத்தை செர்ரி-பிக் செய்வது. பிறகு ஓட்டினால் அந்த டெஸ்ட் தேற வேண்டும், மற்ற எல்லாமும் தேற வேண்டும். டெஸ்ட் கோப்பு அப்படியே ஒட்டவில்லை என்றால் அந்தக் கிளைக்கு ஏற்றபடி கையால் மாற்றி எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். கான்ஃபிளிக்ட் வரவில்லை என்பதற்கு அர்த்தம் அருகருகே இருக்கும் வரிகள் பொருந்துகின்றன என்பது மட்டுமே. நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷன் பழைய கிளையில் என்ன செய்கிறது என்பது கிட்டுக்குத் தெரியாது.

கான்ஃபிளிக்ட் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவசரமாகத் தீர்க்கவும் வேண்டாம். ஏன் வந்தது என்று பாருங்கள். சில நேரம் மெயினில் நடுவே யாரோ ஒரு சின்ன உதவி ஃபங்ஷனைச் சேர்த்திருப்பார்கள், உங்கள் திருத்தம் அதை நம்பியிருக்கும். அந்த ஃபங்ஷனைக் கொண்டுவரப் போனால் அது இன்னொன்றை இழுக்கும், அது மற்றொன்றை. மூன்றாவது கமிட்டைத் தொட வேண்டிவந்தால் நிறுத்திவிட்டு, அந்தக் கிளைக்கென்று சிறியதாக வேறு திருத்தம் எழுதுவதுதான் நல்லது. ஒரே கான்ஃபிளிக்டை இரண்டு மூன்று கிளைகளில் தீர்க்க வேண்டியிருந்தால் கிட்டின் ரிரிரி (rerere) வசதியை இயக்கி வையுங்கள், முதல்முறை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதுவே செய்துவிடும். முடித்ததும் மூல கமிட்டையும் பேக்போர்ட்டையும் கிட் ரேஞ்ச்-டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் எங்கே வித்தியாசம் என்று தெரிந்துவிடும். ரிவியூ செய்பவருக்கும் அதையே காட்டலாம், அவர் முழுசாகப் படிக்க வேண்டியதில்லை.

வேலை கூடினால் தானாக இயங்கும் நிரலான பாட் ஒன்றிடம் கொடுக்கலாம். பைத்தான் மொழியையே உருவாக்கும் திட்டமான சிபைத்தானில் மெயின் புல் ரிக்வெஸ்ட்டில் இன்ன கிளைக்கு பேக்போர்ட் தேவை என்று லேபிள் ஒட்டிவிட்டால் மிஸ் இஸ்லிங்டன் என்ற பாட் தானாகவே அந்தக் கிளைக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் திறக்கும், ஒட்டவில்லை என்றால் மனிதரைக் கூப்பிடும். பாட் இல்லாத திட்டத்திலும் லேபிளை வையுங்கள். வெளியிடும் வாரத்தில் எது எது பாக்கி என்று ஒரே பார்வையில் தெரியும்.

டெஸ்ட் தேறியும் உடையும் இடங்கள்

உங்கள் நூலகத்தைப் பிறர் கம்பைல் செய்து இணைக்கிறார்கள் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். 2024 நவம்பர் 14 அன்று போஸ்ட்கிரெஸ் 17.1-உம் பழைய கிளைகளின் சிறு பதிப்புகளும் வெளிவந்தன. அதில் ஒரு திருத்தத்துக்காக ரிசல்ட்ரெல்இன்ஃபோ என்ற ஸ்ட்ரக்டில் (பல புலங்களைச் சேர்த்துவைக்கும் தரவு அமைப்பு) ஒரு புலம் சேர்த்திருந்தார்கள். புலம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஸ்ட்ரக்டின் அளவு மாறிவிட்டது. பழைய அளவை நம்பிக் கம்பைல் ஆகியிருந்த டைம்ஸ்கேல்டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்கள் பாதிக்கப்பட்டன. ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, அட்டவணையில் இல்லாத 17.2 வந்தது, ஸ்ட்ரக்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். அவ்வளவு கவனமான குழுவுக்கே இது நடந்தது. அதனால் பழைய கிளையில் ஸ்ட்ரக்ட், பொது ஃபங்ஷனின் வாதங்கள், கோப்பு வடிவம், டேட்டாபேஸ் ஸ்கீமா இந்த நான்கில் எதைத் தொட்டாலும் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் மெர்ஜ் செய்யாதீர்கள். அவர்கள் திருத்தியவிதத்தையும் கவனியுங்கள்: எக்ஸ்டென்ஷன் எழுதியவர்களை மறுபடி கம்பைல் செய்யச் சொல்லிவிட்டு நகரவில்லை.

பாதுகாப்புப் பிழை என்றால்

மேலே சொன்ன வரிசையில் ஒன்று மட்டும் மாறும். மெயினில் போட்டுவிட்டுப் பழைய கிளைகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது, மெயினில் கமிட் தெரிந்த நிமிடமே ஓட்டை எங்கே என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். எல்லாக் கிளைக்கும் தனிக் களஞ்சியத்தில் தயார்செய்து ஒரே நாளில் வெளியிடுங்கள். 2021 டிசம்பரில் ஜாவா நூலகமான லாக்4ஜேயின் ஓட்டை வெடித்தபோது 2.15.0-க்குப் பின்னால் 2.16.0, 2.17.0 என்று அடுத்தடுத்து வந்தது மட்டுமல்ல, ஜாவா 7-இல் நின்றவர்களுக்கு 2.12.2-உம், ஜாவா 6-இல் நின்றவர்களுக்கு 2.3.1-உம் போட வேண்டியிருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்து, பழைய கிளையின் சிஐ (டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) இன்னும் ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள். அவசர நாளில் போய்ப் பார்த்தால் பில்ட் இமேஜே காணாமல் போயிருக்கும்.

வெளியிடும் நாள், கிளையை மூடும் நாள்

வெளியீட்டில் சொல்ல அதிகமில்லை. எண்ணின் மூன்றாம் இலக்கத்தை மட்டும் கூட்டுங்கள், டேக்கில் கையெழுத்திடுங்கள், சேஞ்ச்லாகில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பயன்படுத்துபவருக்குப் புரியும் மொழியில் ஒரு வரி எழுதுங்கள். “நன் கையாளுதல் சேர்க்கப்பட்டது” என்பது நமக்குப் புரியும். “தேதி இல்லாத வரிகளின் தொகை இனி நடப்பு மாதத்தில் சேராது” என்பது அவருக்குப் புரியும். சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரப்படும் பொது அடையாள எண்) இருந்தால் மறக்காமல் போடுங்கள். டெபியன், ரெட் ஹாட் போன்ற டிஸ்ட்ரோக்கள் உங்கள் பேட்ச்சை எடுத்துத் தங்கள் பழைய பதிப்பில் ஒட்டும்போது பதிப்பு எண் அப்படியே இருக்கும், சிவிஇ எண்ணை வைத்துத்தான் திருத்தம் உள்ளே இருக்கிறதா என்று தேட முடியும். 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோது அவர்கள் தரப்பில் திருத்தம் 1.0.1ஜி-யில் வந்தது, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6-இலோ திருத்தம் சேர்ந்த பிறகும் எண் 1.0.1இ என்றுதான் தொடங்கியது. எண்ணை மட்டும் பார்த்தால் அது ஓட்டையுள்ள பதிப்பாகவே தெரியும்.

கிளையை மூடுவதுதான் மனசுக்குக் கஷ்டமான பகுதி. கெர்னல் 2017-இல் நீண்டகாலப் பதிப்புகளின் ஆதரவை 2 ஆண்டிலிருந்து 6 ஆண்டுக்கு நீட்டியது, 2023-இல் இனி வருபவற்றுக்கு மறுபடி 2 ஆண்டுதான் என்று அறிவித்தார்கள். பராமரிப்பவர்கள் மேல் ஏறிய சுமை அதற்கு ஒரு காரணம். அவர்களே முடியவில்லை என்று சொல்லும்போது நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை, ஆனால் நேரத்தோடு சொல்லுங்கள். ஆறு மாதம் முன்பே தேதியை அறிவித்து, ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலும் அதைத் திரும்ப எழுதுங்கள். மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு வெளியீடு போட்டு, பாக்கியிருக்கும் லேபிள்களையெல்லாம் தீர்த்துவிடுங்கள், அல்லது தீர்க்கப்போவதில்லை என்று ஒவ்வொன்றிலும் எழுதிவிடுங்கள். 2.4-லிருந்து 2.6-க்கு வர என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கம் தயார்செய்து, அதை 2.4-லேயே திருத்தம் கேட்ட அந்த முதல் ஆளிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அப்படிக் கொடுத்தபோது, நான் ஒரே வரியில் தாண்டிப்போயிருந்த ஒரு செட்டிங் மாற்றத்தில்தான் தனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது என்று எழுதினார். இப்போது அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் வரி.